பந்தியில் பிறந்த கேள்வி
(சட்டம், அருள், தூய வாழ்வு பற்றித் தமிழ்க் கிறிஸ்தவர் வரலாறு சொல்வது)



நம் ஜொகூர் மாநிலத்தில் இன்று எங்கு பார்த்தாலும் செம்பனை. ஆனால் நம் வீடுகளில் இருக்கும் தாத்தா பாட்டிமார் ரப்பர்க் காலத்தை மறந்திருக்க மாட்டார்கள். விடியுமுன் பெரட்டு, கங்காணி பேர் வாசிப்பார், பால் வாளியும் கத்தியுமாக அவரவர் நிரைக்குப் போவார்கள். மரம் வெட்டுகிறவருக்கு முதலில் சொல்லித் தரும் சட்டம் ஒன்று உண்டு. பட்டையை மட்டும் சீவ வேண்டும். கத்தி உள்மரத்தைத் தொடக்கூடாது. தொட்டால் காயம். காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னால் அந்த இடத்தில் கத்தி ஓடாது.

இந்தச் சட்டம் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் மூன்று விதமான ஆட்கள் இருந்தார்கள். எப்படியாவது பால் வந்தால் போதும் என்று ஆழமாக வெட்டுகிறவர் ஒருவர். கங்காணி வருகிறார் என்றால் கவனமாக வெட்டி, அவர் அந்தப் பக்கம் போனதும் கையை அவசரப்படுத்துகிறவர் ஒருவர். மூன்றாமவர், யாரும் வராத கடைசி நிரையிலும் அதே பக்குவத்தோடு வெட்டுவார். ஏன் என்று கேட்டால், “மரமும் உயிர்தானே” என்பார். சட்டம் மூவருக்கும் ஒன்றுதான். அது காயத்தைக் காட்டும். கைக்குப் பக்குவத்தைக் கொடுக்காது. அப்படியானால் அந்த மூன்றாமவருக்குப் பக்குவம் எங்கிருந்து வந்தது?

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இந்தக் கேள்வியைச் சார்ந்ததுதான். கிறிஸ்தவ சமயத்தில் சட்டம், அருள், தூய வாழ்வு என்ற மூன்று சொற்களையும் பற்றி இரண்டாயிரம் ஆண்டுகளாக ஆராய்ச்சி நடக்கிறது. நம் தோட்டங்களில் மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்திலேயே சின்னஞ்சிறு ஜெப வீடுகளும் இருந்தன. பக்கத்து லயத்து மக்கள் எதை நம்புகிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்ல அண்டை வீட்டாருக்கு அழகு. அதோடு, இந்த வரலாற்றின் ஒரு முக்கியமான பகுதி நம் தமிழ் மக்களிடையே நடந்தது. ஆகவே சமய பேதமின்றி எல்லாரும் கேட்கத் தக்கது.

முதலில் அந்தச் சொற்களைப் பார்ப்போம். யூத மக்களின் தலைவரான மோசே சீனாய் மலையில் இறைவனிடமிருந்து பத்துக் கட்டளைகளைப் பெற்றார் என்று விவிலியம் கூறுகிறது. கொலை செய்யாதே, களவு செய்யாதே, பொய்ச் சாட்சி சொல்லாதே, தாய் தந்தையரை மதி என்பன போன்றவை அவை. இவற்றோடு உணவு, தூய்மை, ஓய்வுநாள், விருத்தசேதனம் முதலியவை பற்றிய விதிகளும் சேர்ந்தன. யூத அறிஞர்கள் மொத்தம் 613 கட்டளைகள் என்று எண்ணிக் கணக்கிட்டார்கள். இதைத்தான் பழைய தமிழ் வேதாகமம் ‘நியாயப்பிரமாணம்’ என்று சொல்லும். கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘திருவிவிலியம்’ இதைத் ‘திருச்சட்டம்’ என்கிறது.

அடுத்தது அருள். புராட்டஸ்டண்டுகள் ‘கிருபை’ என்பார்கள். கத்தோலிக்கர் முற்காலத்தில் ‘பிரியதத்தம்’ என்ற சொல்லையும் வழங்கினார்கள். மனிதன் உழைத்துச் சம்பாதிக்காமல், தகுதி பார்க்காமல், இறைவனே முன்வந்து கொடுக்கும் அன்பு என்பது இதன் பொருள். தமிழருக்கு இது புதிய எண்ணமன்று. வைணவத்தில் வடகலையாரும் தென்கலையாரும் இதைப் பற்றி வாதிட்டிருக்கிறார்கள். குரங்குக் குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்வது போல மனிதன் இறைவனைப் பற்ற வேண்டும் என்பது ஒரு கட்சி. பூனை தன் குட்டியை வாயால் கவ்வித் தூக்கிச் செல்வது போல இறைவனே மனிதனைத் தூக்கிக் காக்கிறான் என்பது மற்றக் கட்சி. கிறிஸ்தவக் கொள்கையும் வைணவக் கொள்கையும் ஒன்றல்ல. ஆனால் கேள்வி ஒத்த கேள்வி.

மூன்றாவது தூய வாழ்வு. அருள் பெற்ற பிறகு ஒருவர் எப்படி நடக்க வேண்டும்? வீட்டில், வேலையில், கடைத்தெருவில் அவர் வாழ்வில் என்ன மாற்றம் தெரிய வேண்டும்? இதைத்தான் ‘பரிசுத்தம்’ என்கிறார்கள்.

நேயர்களே, இந்த மூன்றையும் பற்றிய பெரிய வாதம் எங்கே தொடங்கியது தெரியுமா? பெரிய மண்டபத்தில் நூல் வல்லார் கூடிய சபையில் அன்று. சாப்பாட்டுப் பந்தியில்.

இன்றைய துருக்கி நாட்டின் தெற்கே அந்தியோக்கியா என்று ஒரு பெரிய நகரம் இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே யூதரும் யூதரல்லாதாரும் ஒன்றாகக் கிறிஸ்துவை ஏற்றிருந்தார்கள். இயேசுவின் முதற் சீடர்களில் ஒருவரான பேதுரு அங்கே வந்தபோது எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார். யூத வழக்கப்படி அது ஆகாத காரியம். பின்னர் எருசலேமிலிருந்து சிலர் வந்தார்கள். அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சிப் பேதுரு மெல்லப் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதரும் விலகினார்கள். இதைக் கண்ட பவுல், எல்லாருக்கும் முன்பாகப் பேதுருவை நேருக்கு நேர் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் பவுலே இதைச் சொல்கிறார்.

பவுலின் வாதம் எளிமையானது. சட்டத்தைக் கைக்கொண்டு இறைவன் முன் நல்லவனாக யாராலும் ஆக முடியாது. எல்லாரையும் ஏற்றுக்கொண்டது அவரது அருள். அந்த அருள் ஏற்றுக்கொண்ட ஒருவனைப் பந்தியிலிருந்து தள்ளிவைக்க நீ யார்? இதுதான் அவர் கேட்டது. கி.பி. 49ஆம் ஆண்டையொட்டி எருசலேமில் கூடிய பெரியோர் சபையும், யூதரல்லாதார் மீது விருத்தசேதனச் சட்டத்தைச் சுமத்த வேண்டாம் என்று முடிவு செய்தது.

உடனே அடுத்த கேள்வி எழுந்தது. அருள் இலவசம் என்றால், எப்படியும் வாழலாமா? தவறு செய்யச் செய்ய அருள் பெருகும்தானே என்று சிலர் கேலி பேசினார்கள். கூடவே கூடாது என்று பவுல் உரோமருக்கு எழுதிய கடிதத்தில் மறுத்தார். செயல் இல்லாத நம்பிக்கை உயிரில்லாதது என்று யாக்கோபு தம் கடிதத்தில் எழுதினார். ஆக, கிறிஸ்தவர் பெரும்பாலோர் ஏற்கும் முறை இதுதான்: சட்டம் குற்றத்தைக் காட்டுகிறது, அருள் மன்னித்து ஏற்கிறது, அந்த நன்றியிலிருந்து தூய வாழ்வு வளர்கிறது. சொல்லுவதற்கு எளிது. நடப்பில் எப்படி இருந்தது என்பதைத் தமிழ்நாட்டு வரலாறு காட்டுகிறது.

1517ஆம் ஆண்டு ஜெர்மனியில் மார்ட்டின் லுத்தர் தொடங்கிய சீர்திருத்தம் அருளை நடுவில் வைத்தது. ஆனாலும் 1529இல் அவர் மக்களுக்கு எழுதிய சிறிய ஞானோபதேசம் பத்துக் கட்டளைகளிலிருந்துதான் தொடங்குகிறது. நோய் இன்னதென்று தெரிந்த பிறகுதான் மருந்தின் அருமை தெரியும் என்பது அவர் எண்ணம். இந்த லுத்தரன் வழியைச் சேர்ந்த பார்த்தலோமியு சீகன்பால்க், ஹென்ரிச் புளூட்சோ என்ற இரண்டு இளைஞர்கள் 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார்கள். அது அப்போது டென்மார்க் நாட்டாரின் கோட்டை ஊர்.

சீகன்பால்க் திண்ணைப் பள்ளியில் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றவர். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714, 1715ஆம் ஆண்டுகளில் தரங்கம்பாடியிலேயே அச்சாயிற்று. பேதுரு பந்தியை விட்டு விலகியதும், பவுல் கண்டித்ததும் அதன் மூலம் தமிழில் அச்சேறிவிட்டன. 1718இல் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இன்றும் தரங்கம்பாடியில் நிற்கிறது. ஆனால் அந்த ஆலயத்திற்குள் வந்த மக்கள் சாதியையும் கூடவே கொண்டு வந்தார்கள். ஒரு பக்கம் ஒரு சாரார், மறுபக்கம் மற்றவர் என்று தனித்தனியே உட்கார்ந்தார்கள். திருவிருந்து என்பது ஒரே அப்பம், ஒரே கிண்ணம். அதை வாங்கும்போதும் யார் முன்னால், யார் பின்னால் என்ற வரிசை இருந்தது.

இந்த இடத்தில் இராஜநாயக்கன் என்பவரை நினைக்க வேண்டும். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்து, தஞ்சைப் படையில் இருந்தவர். அச்சிட்ட தமிழ் வேதாகமப் பகுதியைப் படித்து மனம் மாறி, உபதேசியாராகிப் பல ஊர்களில் அடிபட்டும் மிரட்டப்பட்டும் உழைத்தவர். 1733ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் ஆரோன் என்ற தமிழருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். புராட்டஸ்டண்டு சபையில் அப்பட்டம் பெற்ற முதல் தமிழர் அவர். இராஜநாயக்கனுக்கு அந்தப் பட்டம் கிடைக்கவில்லை. அவரது அறிவிலோ ஒழுக்கத்திலோ குறை காணவில்லை. அவர் கையால் திருவிருந்து வாங்க உயர்ந்த சாதியார் இசைய மாட்டார்கள் என்று மிஷனரிகள் அஞ்சினார்கள். 1771இல் மறையும் வரை அவர் உபதேசியாராகவே இருந்தார். அருளைப் பிரசங்கிக்க அவர் வேண்டும். அதே அருளின் கிண்ணத்தை ஏந்த அவர் கை ஆகாது! அந்தியோக்கியாவில் பேதுரு அஞ்சிய அதே அச்சம் தரங்கம்பாடியிலும் வந்து உட்கார்ந்தது.

ஒரு நூற்றாண்டு கழிந்தது. 1832இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயராக வந்தவர் டேனியல் வில்சன். தென்னாட்டுச் சபைகளில் நடப்பதை அறிந்து, 1833ஆம் ஆண்டு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சாதி வேற்றுமையைச் சபைக்குள் உடனே, முழுதாக விட்டொழிக்க வேண்டும் என்பது கட்டளை. கோயிலில் எல்லாரும் கலந்து உட்கார வேண்டும். திருவிருந்துக்கு வரிசை பார்க்கக்கூடாது. இது வாசிக்கப்பட்டதும் சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பெருங் கொந்தளிப்பு. பலர் கோயிலை விட்டே வெளியேறினார்கள்.

எதிர்த்தவர்கள் எல்லாரையும் தீயவர்கள் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை எடுத்துக்கொள்வோம். 1774இல் பிறந்து 1864 வரை வாழ்ந்த பெரும் புலவர். தமிழ்க் கிறிஸ்தவர் இன்றும் அவர் கீர்த்தனைகளைப் பாடுகிறார்கள். 1829ஆம் ஆண்டையொட்டிப் புதிய மிஷனரிகளோடு அவருக்குப் பெரும் பிணக்கு ஏற்பட்டது. அவருடைய சாராரின் குறைகள் நான்கு: பழகிய தமிழ் வேதாகமத்தை மாற்றுகிறார்கள், சாதிகளைக் கட்டாயமாகக் கலக்கச் சொல்கிறார்கள், திருமணத்திலும் திருநாளிலும் பூமாலை கூடாது என்கிறார்கள், கோயிலில் தமிழ் இசை கூடாது என்கிறார்கள்.

இந்த நான்கையும் நிதானமாகப் பாருங்கள். பூவும் இசையும் தமிழர் வாழ்வின் அழகுகள். அவற்றைப் பாவம் என்றது வேதத்தின் சட்டமா, வெள்ளையரின் பழக்கமா? அதில் சாஸ்திரியார் பக்கம் நியாயம் இருந்தது. பின்னாளில் சபைகளும் அதை ஒப்புக்கொண்டு, தமிழ்க் கீர்த்தனையைக் கோயிலுக்குள் பாடின. ஆனால் சாதி என்பது பூமாலை போன்றதன்று. பூமாலை எவர் முதுகையும் வளைக்கவில்லை, சாதி வளைத்தது. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டியதுதான் தவறு. மிஷனரிகள் இரண்டையும் சேர்த்து ஒழிக்கப் பார்த்தார்கள். எதிர்த்தவர்கள் இரண்டையும் சேர்த்துக் காக்கப் பார்த்தார்கள். தூய வாழ்வுக்கு எது தேவை, எது வெறும் வழக்கம் என்று பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்பதை இது காட்டுகிறது.

அதற்குப் பின் மதுரையில் ஒன்று நடந்தது. அங்கே இருந்த அமெரிக்க மிஷன் 1847ஆம் ஆண்டு ‘அன்பின் விருந்து’ ஒன்று வைத்தது. எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ண வேண்டும். உண்ணாத உபதேசிமார் சபையிலிருந்து நிறுத்தப்பட்டார்கள்; பலர் பிழைப்பை இழந்தார்கள். விருந்துக்குப் பெயர் அன்பு. ஆனால் அது பரீட்சையாகிவிட்டது. சிலர் வேலைக்காக உண்டுவிட்டு, வீட்டில் பழையபடியே இருந்தார்கள்.

இதை எதிர்த்தவர்கள் லைப்சிக் லுத்தரன் மிஷனைச் சேர்ந்தவர்கள். அதன் தலைவர் கார்ல் கிரவுல் 1849 முதல் 1853 வரை இந்தியாவில் சுற்றிப் பார்த்தவர். தமிழில் ஆழ்ந்த புலமையுடையவர். திருக்குறளை ஜெர்மானிய மொழியில் பெயர்த்து 1856இல் வெளியிட்டவர். அவர் சொன்னது இது: சாதியைச் சட்டம் போட்டு அகற்றினால் அது அருளின் வழியன்று. மனம் திருந்தத் திருந்த அது தானே உதிரும், பொறுத்திருப்போம். மற்ற மிஷன்கள் சென்னையில் கூடி 1850ஆம் ஆண்டு இதற்கு மாறான தீர்மானம் செய்தன. சாதியை விட்டவரே சபையார் என்று அவை சொல்லின.

நேயர்களே, நீங்கள் நீதிபதியாக இருந்தால் யாருக்குத் தீர்ப்பு வழங்குவீர்கள்? ‘மனம் மாறாமல் சட்டம் போட்டால் போலிதான் வளரும்’ என்ற கிரவுலின் வாதம் உண்மை. ஆனால் ‘தானே உதிரட்டும்’ என்று எத்தனை தலைமுறை காத்திருப்பது? காத்திருக்கும்படி சொல்வது மேலே உட்கார்ந்தவருக்கு எளிது. கீழே உட்கார்ந்தவர் அதுவரை கீழேயே இருக்க வேண்டுமே! இராஜநாயக்கன் முப்பத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்து இறந்து போனார்.

கத்தோலிக்கர் பக்கமும் இதே கதை. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்ற ஊரில் 1872இல் கட்டிய கோயில் இரண்டு சிறகுகளாக விரிந்து பீடத்தில் ஒன்றுசேரும். நடுவே தடுப்பு. ஒரு சிறகில் ஒரு சாதியார், மறு சிறகில் மற்றச் சாதியார். ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே பூசையைக் காணலாம். 1910ஆம் ஆண்டு அங்கிருந்த இயேசு சபைக் குருவானவர் கவுசானல் அந்தத் தடுப்பை அகற்றினார். உரிமை போய்விட்டது என்று ஒரு சாரார் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. சுவர் போயிற்று, ஆனால் தமிழ்நாட்டில் சில ஊர்களில் தனிக் கல்லறைகள் இன்னும் இருக்கின்றன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

லுத்தரன் சபை என்ன ஆயிற்று? 1919ஆம் ஆண்டு தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனி அமைப்பாயிற்று. 1956இல் ராஜா மாணிக்கம் அதன் முதல் தமிழ்ப் பேராயரானார். அந்த வழியில் வந்தவர்கள் மலாயாவிலும் சபை வளர்த்தார்கள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள சீயோன் கோயில் அதற்குச் சான்று. 1885இல் சிங்கப்பூரில் தொடங்கிய மெதடிஸ்டுப் பணியும் தமிழரிடையே பரவிற்று. 1968ஆம் ஆண்டு மெதடிஸ்டுத் திருச்சபை இங்கே தன்னாட்சி பெற்றது. தமிழருக்கென்று அதில் தனி மாநாடு உண்டு.

கடல் கடந்தால் சாதி போய்விடும் என்று சொல்வார்கள். நம் முன்னோர் கப்பல் தட்டில் நெருக்கியடித்துக் கொண்டு வந்தவர்கள்தாம். ஆனால் கங்காணி தன் ஊரிலிருந்தும் தன் உறவிலிருந்தும் ஆள் கட்டி வந்ததால், ஊர்ப் பழக்கமும் லயத்திற்கு வந்து சேர்ந்தது. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்திய பின்பும் அது உடனே மறையவில்லை. கிராணிமார் வீட்டுக்கும் லயத்துக்கும் இடையே இன்னொரு தூரமும் இங்கே சேர்ந்துகொண்டது.

நாம் பணியாற்றும் பள்ளிக்குப் பக்கத்தில் வயது முதிர்ந்த ஒரு பாட்டி இருந்தார். தம் சிறு வயதில் நடந்ததாக அவர் சொன்ன ஒரு செய்தியை நாம் மறக்கவில்லை. அந்தத் தோட்டத்தில் அத்தாப்புக் கூரை வேய்ந்த ஜெப வீடு ஒன்று. மாதம் ஒருமுறை உபதேசியார் சைக்கிளில் வருவார். ஜெபம் முடிந்தால் எல்லாருக்கும் கடுங்காப்பி. சிலருக்கு மங்கில் கொடுப்பார்கள். பாட்டியின் தாயார் போன்ற சிலருக்குச் சிரட்டையில். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. சட்டம் போல அது நடந்து வந்தது.

ஒரு மாதம் உபதேசியார் தமக்கு வந்த மங்கை வாங்கவில்லை. “எனக்கும் ஒரு சிரட்டை குடுங்கம்மா” என்று சொல்லி, வாசலோரம் நின்றவர்களோடு போய் உட்கார்ந்துகொண்டார். பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. காப்பியைக் குடித்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் இரண்டு குடும்பத்தார் ஜெபத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த மாதமும் அவர் சிரட்டையே கேட்டார். ஏறக்குறைய அரை ஆண்டில் சிரட்டைகள் அந்த இடத்திலிருந்து மறைந்தன. விலகிப் போன குடும்பங்களில் ஒன்று திரும்பி வந்தது; மற்றொன்று வரவேயில்லை. “எங்கம்மா அன்னைக்கு அழுதாங்க, சார். எதுக்கு அழுதாங்கன்னு எனக்கு அப்பத் தெரியல” என்று பாட்டி முடித்தார்.

நேயர்களே, பேராயரின் சுற்றறிக்கை, மதுரை விருந்து, கிரவுலின் பொறுமை ஆகிய மூன்றையும் இந்தச் சிரட்டையோடு வைத்துப் பார்ப்போம். உபதேசியார் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் காத்திருக்கவும் இல்லை. தாமே முதலில் இறங்கிப் போனார். அதற்கான விலையையும் தாமே கொடுத்தார். இரண்டு குடும்பங்களின் மனக்கசப்பை ஏற்றுக்கொண்டார். கிறிஸ்தவர் அருள் என்று சொல்வதும் இதைத்தான். உயர்ந்த இடத்தில் இருப்பவர் தாழ்ந்த இடத்துக்கு இறங்கி வந்து பக்கத்தில் உட்காருவது. இயேசு வாழ்ந்ததும் மரித்ததும் அப்படித்தான் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த அருளைப் பெற்றவர் தாமும் ஒருபடி இறங்குவதே தூய வாழ்வின் தொடக்கம்.

அப்படியானால் சட்டம் வேண்டாமா? வேண்டும். இராஜநாயக்கன் காலத்தில் ஒரு சட்டம் இருந்திருந்தால் அவருக்கு நியாயம் கிடைத்திருக்கும். வடக்கன்குளத்துத் தடுப்பு தானாக விழவில்லை. பலவீனருக்கு வேலி சட்டம்தான். ஆனால் வேலி போட்டுவிட்டால் தோட்டத்தில் பூப் பூத்துவிடாது.

குடிப் பழக்கத்தையும் இப்படிப் பார்க்கலாம். மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இங்கிலாந்து நாட்டவர். கடுமையான விதிகளோடு வாழ்ந்தும் மன அமைதி காணாதவர். 1738ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் லண்டனில் ஒரு கூட்டத்தில், உரோமர் கடிதத்துக்கு லுத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டு, அருளை உணர்ந்தார். ஆனால் விதிகளைத் தூக்கி எறியவில்லை. 1743இல் தம் சங்கத்தாருக்குப் பொது விதிகள் எழுதினார்: தீமை செய்யாதே, நன்மை செய், வழிபாட்டை விடாதே. தீமைகளின் பட்டியலில் குடியும் சாராய வியாபாரமும் இருந்தன.

நம் தோட்டங்களில் கள்ளுக்கடை செய்த கொடுமை நமக்குத் தெரியும். சம்பள நாளில் மாலைக்குள் காசு கரைந்துவிடும். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. அவர்கள் கேட்டது சரி. கடையை மூடுவது சட்டத்தின் வேலை. ஆனால் கடை மூடிய பின்னும் திருட்டுச் சம்சு தேடிப் போகிற காலை வீட்டை நோக்கித் திருப்புவது எது? அதட்டலும் சண்டையும் திருப்பாத ஒருவரை, ‘அப்பா, உங்களுக்காகச் சாப்பிடாமல் இருக்கிறேன்’ என்று காத்திருக்கும் ஒரு குழந்தையின் முகம் திருப்பியதை நாம் கண்டிருக்கிறோம். தகுதி பார்க்காமல் வந்த அன்பு அது. பெற்றவர் வெட்கப்பட்டார், பின்பு மாறினார்.

பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். சுவரில் விதிகள் எழுதி வைத்திருக்கிறோம். அவை தேவை. ஆனால் ஆசிரியர் வகுப்பில் இல்லாத நேரத்தில் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் எங்கள் கல்விக்கு உண்மையான தேர்வு.

இன்று தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம் மக்கள் பலர் ஸ்கூடாய், மாசாய், பாசிர் கூடாங் என்று நகரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். சிரட்டைகள் போய்விட்டன. ஆனால் பெண் பார்க்கும்போது, பந்தி வைக்கும்போது, வேற்று நாட்டுத் தொழிலாளி ஒருவர் நம் வாசலில் தண்ணீர் கேட்கும்போது, சிரட்டை வேறு உருவத்தில் வருகிறதா என்று அவரவர் வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். இது கிறிஸ்தவருக்கு மட்டும் உரிய சோதனையன்று.

அந்தியோக்கியாவில் தொடங்கிய கேள்வி இன்னும் முடியவில்லை. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பதில்தான் ஒருவர் சட்டத்தை எப்படி மதிக்கிறார், அருளை எப்படிப் புரிந்துகொண்டார் என்பது தெரிந்துவிடும். இன்றிரவு வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் காலத்துப் பந்தி எப்படி இருந்தது என்று பிள்ளைகள் கேளுங்கள். பெரியவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள்.